எட்டு ஊரும் ஓர் ஆறும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஸ்வாத் ஆற்றங்கரையில் இருக்கும் பட்டாணியர் ஊர்களைப் பற்றி எழுதியிருந்தோம். இடம் போதாமல் விட்டுவிட்ட விஷயங்களையே செட்டிநாட்டு வாசகர்கள் குறி பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஹஷ்ட்நகர் என்பது நம்ம 'அஷ்டநகர்' போலவே ஒலிக்கிறதே? அது ஒரே ஊரா, எட்டு ஊரா?
— காரைக்குடி வாசகர்

எட்டு ஊர். பாரசீகத்தில் 'ஹஷ்ட்' என்றால் எட்டு. வடமொழி 'அஷ்ட'வுக்கு உடன்பிறப்பு. நகர் நமக்குத் தெரிந்த நகர்தான்.

இந்த ஊர்கள் பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் சார்சத்தா மாவட்டத்தில் இருக்கின்றன. பெஷாவரிலிருந்து வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் சார்சத்தா நகரம். ஸ்வாத் ஆறு முண்டா என்ற இடத்தில் மலையை விட்டுச் சமவெளியில் இறங்கி, தெற்கே போய்க் காபூல் ஆற்றில் கலக்கிறது. அதன் இடக்கரையில் வடக்கிலிருந்து வரிசையாகத் தங்கி, ஷேர்பாவ், உமர்சய், துரங்சய், உத்மான்சய், ரஜ்ஜர், சார்சத்தா, ப்ராங். நம் பக்கம் ஊருணி வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கினால்தான் குடித்தனம் நடக்கும். அங்கே ஆறு போகிற வழியிலேயே ஊர்கள் நூல் பிடித்தது மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

ஆற்றின் பெயரும் பழசு. ரிக் வேதத்தில் இதற்குப் பெயர் 'சுவாஸ்து'. வீட்டுக்கு வாஸ்து பார்க்கிறோமே, அதே வாஸ்துதான். நல்ல இருப்பிடம் என்று பொருள் கொள்ளலாம். காபூல் ஆறு அதே வேதத்தில் 'குபா'.

பட்டாணியர்கள் ஆதியிலிருந்தே அந்தக் கரையில் இருந்தவர்களா? அவர்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள்?
— தேவகோட்டை ஆசிரியை

அவர்கள் வந்து 500 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஊருக்கோ அதைப்போலப் பல மடங்கு வயது.

இன்றைய சார்சத்தாவின் பழம்பெயர் புஷ்கலாவதி, தாமரை நகரம். காந்தார நாட்டின் தலைநகராக இருந்தது. கி.மு. 327இல் அலெக்சாந்தரின் தளபதி ஹெஃபாயிஸ்தியான் இதை முற்றுகையிட்டபோது ஊர் 30 நாள் தாக்குப்பிடித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் அரிக்கமேட்டை 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர்தான் 1958இல் இங்கே பாலா ஹிஸார் என்ற மேட்டையும் தோண்டினார். அவர் கண்ட அகழியை அந்த முற்றுகைக் காலத்தது என்று கருதினார்.

பாலா ஹிஸாருக்குப் பக்கத்தில் ஷேக்கான் தேரி என்று இன்னொரு மேடு உண்டு. அங்கே இருந்த இந்தோ-கிரேக்க நகரம் தெரியவந்த விதம் விநோதமானது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய சுவர்களைப் பிடுங்கி வீடு கட்டக் கொண்டுபோனார்கள். சுவர் போன இடமெல்லாம் பள்ளமாக நின்றது. வானிலிருந்து படம் எடுத்துப் பார்த்தபோது அந்தப் பள்ளங்களே தெருவும் வீடுமாகச் சதுரங்கக் கட்டம் போல நகரத்தின் வரைபடத்தைக் காட்டின. 1963–64இல் ஏ.எச். தானி அதைத் தோண்டினார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஊர் பிடுங்கப்படுவது எப்படி என்று விளக்கவேண்டியதில்லை.

பட்டாணியர் வருகைக்கு வருவோம். யூசுஃப்சய் குலத்தார் காபூல் பக்கம் இருந்தவர்கள். பாபரின் சித்தப்பா உலுக் பெக் அங்கே ஆண்டபோது குலத் தலைவர்களை விருந்துக்கு அழைத்துக் கொன்றதாக அவர்கள் மரபு சொல்கிறது. எஞ்சியவர்கள் மாலிக் அஹ்மத் தலைமையில் கிழக்கே இறங்கினார்கள். அப்போது பெஷாவர் சமவெளியில் இருந்த திலாசாக் குலத்தாரைத் தள்ளிவிட்டு நிலம் பிடித்தார்கள். கூட வந்த முஹம்மத்சய் குலத்துக்குக் கிடைத்ததுதான் ஹஷ்ட்நகர். ஆப்கானிஸ்தானை ஆண்ட முஹம்மத்சய் அரச குடும்பம் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் படித்தவர்களே குழம்புகிறார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் பாண்டி நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லி வளர்ந்த நகரத்தார் வீடுகளில் இது வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. நகரத்தார் வந்த இடத்தில் கோயிலைக் கணக்காக வைத்துப் பிரிந்தார்கள். அவர்கள் நிலத்தைக் கணக்காக வைத்துப் பிரிந்தார்கள்.

பல ஊர்ப் பெயர்கள் 'சய்' என்று முடிவது ஏன்? பஷ்தூனா, பக்தூனா, பட்டாணியா, எது சரி?
— பள்ளத்தூர் வாசகர்

'சய்' என்றால் வழித்தோன்றல். உமர்சய் என்றால் உமரின் மக்கள். அதற்குள்ளே இருக்கும் சிறு கிளைக்குக் 'கேல்' என்று பெயர். ஊர்ப் பெயரே கிளைப் பெயராக இருப்பதால், எந்த ஊர் என்று சொன்னால் எந்த வகையறா என்பதும் தெரிந்துபோகும்.

மூன்று பெயரும் சரிதான். ஒரே எழுத்தைக் காந்தஹார் பக்கம் 'ஷ' என்றும் பெஷாவர் பக்கம் 'க' கலந்த காற்றொலியாகவும் உச்சரிக்கிறார்கள். பட்டாணி என்பது இந்தியர்கள் வைத்த வழக்கு. நாம் இங்கே பேசும் எட்டு ஊர்களில் கேட்டால் பக்தூன் என்பார்கள்.

நிலத்தைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். குலுக்கலில் நிலம் பிரித்தால் சண்டை வராதா? முறையைச் சற்று விவரமாகச் சொல்லுங்கள்.
— நாட்டரசன்கோட்டை, ஓய்வுபெற்ற கிராம அலுவலர்

ஐயா, சண்டை வரக்கூடாது என்பதற்காகத்தான் குலுக்கலே. இதற்கு 'வேஷ்' என்று பெயர். பிரிவினை என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷேக் மாலி என்பவர் யூசுஃப்சய் நிலங்களுக்கு வகுத்த ஏற்பாடு.

முதலில் பெரிய கிளைகளுக்கு வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார்கள். பிறகு வட்டாரத்துக்குள் கேல்களுக்கும், கேலுக்குள் ஊர்களுக்கும், ஊருக்குள் 'கண்டி' என்னும் தெருப் பிரிவுகளுக்கும் பிரிந்து, கடைசியில் வீட்டுப் பங்குக்கு வந்து நின்றது. பங்குக்குப் பெயர் 'பக்ரா'. இந்தப் பங்கில் பெயர் இருந்தால் 'தஃப்தர்' இருக்கிறது என்பார்கள், கணக்கேட்டில் இடம் இருக்கிறது என்ற அர்த்தத்தில். தஃப்தர் உள்ளவனுக்குத்தான் ஊர்க் கூட்டமான ஜிர்காவில் வாய்.

பிரிப்பதற்கு முன்னால் இரண்டு வேலைகள். ஒன்று, முல்லாக்கள், சையதுகள் போன்ற சமயக் குடும்பங்களுக்கு 'சேரி' என்ற நிலத்தை ஒதுக்கிவிடுவது. நம் சேரி வேறு. அந்தச் சேரி மானிய நிலம், மறு பிரிவினைக்கு வராது. அதை ஒதுக்குவதிலும் ஒரு சாமர்த்தியம். ஒத்துப்போகாத இரண்டு கிளைகளின் எல்லையில் பல சமயம் இந்த மானியத்தைக் கொடுத்தார்கள். நடுவில் சாமியார் நிலம் கிடந்தால் எல்லைக் கல்லை நகர்த்தக் கை கூசும் அல்லவா.

இரண்டாவது வேலை, நிலத்தைத் தரம் பிரிப்பது. ஹஷ்ட்நகரில் ஆற்றோரத் தாழ்நிலத்துக்கு 'ஷோல்கிரா' என்று பெயர். 'ஷோலே' என்றால் நெல், அதாவது நம் நன்செய். தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் 'மைரா'. வேஷ் முறையில் பங்கு என்றால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போலக் கிடக்கும் வயல் கிடையாது. ஒவ்வொரு தரத்திலும் ஒரு துண்டு. ஆற்றோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று. இதனால் வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் ஒருவன் மட்டும் மூழ்குவதில்லை.

பிறகுதான் குலுக்கல். ஒவ்வொரு கிளைக்காரரும் தமக்கென்று ஓர் அடையாளம் கொடுப்பார்கள்; கூழாங்கல்லோ குச்சியோ ஏதோ ஒன்று. பொதுவான ஆள் ஒருவர் அவற்றை எடுத்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டே போவார். எது எங்கே விழுந்ததோ அது அவர்களுடையது. குறிப்பிட்ட தவணை முடிந்ததும் மறுபடி குலுக்கல். தவணை இடத்துக்கு இடம் மாறும். ஸ்வாத் பள்ளத்தாக்கில் நிலம் மட்டுமின்றி ஊரையே மாற்றிக்கொள்வதும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் வீடு வாசலை விட்டு அந்த ஊருக்குப் போவார்கள், அவர்கள் இங்கே வருவார்கள்.

சில இடங்களில் 'குலா வேஷ்' நடந்தது. குலா என்றால் வாய். ஆண், பெண், குழந்தை என்று எத்தனை வாயோ அத்தனை பங்கு. நகரத்தாரிடம் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி என்று எண்ணுவதைப் போல அங்கே வாய்க்கணக்கு. பெண்ணின் வாயை எண்ணினார்கள் என்பதால் பெண் கையில் நிலம் வந்தது என்று நினைத்துவிடக்கூடாது. எண்ணிக்கை அவளுடையது, நிலம் வீட்டு ஆணுடையது. மார்க்கம் பெண்ணுக்குப் பங்கு கொடுக்கச் சொல்லியும் குல வழக்கம் கொடுக்கவில்லை.

எங்கே பழுதாயிற்று என்றால், நாளைக்கு இன்னொருவனுக்குப் போகப்போகிற நிலத்தில் எவன் எரு அடிப்பான்? மரம் வைக்க ஆள் இல்லை. கிணறு வெட்ட ஆள் இல்லை. நல்ல வீடு கட்டினால் முட்டாள்தனம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மாவட்டங்களில் 19ஆம் நூற்றாண்டு நிலவரித் திட்டத்தில் இந்தச் சுழற்சி நின்றது. ஸ்வாத்தில் அங்கிருந்த ஆட்சியாளர் மியான்குல் அப்துல் வதூத் 1920களில் தொடங்கி நிலத்தை அவரவருக்கே நிரந்தரமாக்கினார்.

இது நமக்குப் புதிது என்று எண்ணவேண்டாம். தஞ்சை, தொண்டைமண்டல மிராசு ஊர்களில் 'கரையீடு' என்று இதே வேலை நடந்திருக்கிறது. கரைக்காரர்கள் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் பாயும் பொதுநிலம் இருக்கும் இடங்களில் மனிதர்களுக்கு ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது.

தஃப்தர் இல்லாதவர்களையும் சொல்லவேண்டும். குத்தகைக்காரர், நெசவாளர், கொல்லர், தச்சர், நாவிதர் எல்லாம் அதே ஊரில் பிறந்து அதே மொழி பேசினாலும் பங்கு கிடையாது. இதன் கசப்புதான் பின்னாளில் வெடித்தது. 1968இல் மஸ்தூர் கிசான் கட்சி தோன்றிய பிறகு ஹஷ்ட்நகரின் வட பகுதியில் குத்தகை விவசாயிகள் கான்கள் எனப்படும் நிலக்கிழார்களை எதிர்த்து எழுந்து, பல இடங்களில் நிலத்தை விடமறுத்து நின்றார்கள். 'சமத்துவமான பட்டாணிய கிராமம்' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

விருந்தாளிக்கு உயிரையும் கொடுப்பார்கள், சொந்தக்காரனையே சுடுவார்கள் என்கிறார்களே, இரண்டும் எப்படி ஒத்துவரும்?
— கண்டனூர் வாசகர்

பஷ்தோ மொழியில் 'தர்பூர்' என்று ஒரு சொல் உண்டு. தந்தையின் சகோதரர் மகன் என்று பொருள். போட்டியாளன் என்றும் பொருள். 'தர்பூர்வலி' என்றால் அந்த உறவுக்குள் இருக்கும் பகை. ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தமிழில் ஒரே வார்த்தை: பங்காளி. பங்காளிக் காய்ச்சல் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

காரணமும் அதே. தாத்தாவின் பங்கு பேரன்களுக்குள் பிரியும்போது வரப்பு ஒன்று, வாய்க்கால் ஒன்று, கூட்டத்தில் நாற்காலி ஒன்று. தாய்மாமனோடு போட்டி போட ஒன்றும் இல்லை. விருந்தாளியோடு அதுவும் இல்லை. அவனுக்கு ஊரில் வயல் கிடையாது. அவனைக் காப்பாற்றினால் பெருமை சேரும், பங்கு குறையாது. பழிக்குப் பழி என்னும் 'பதல்', உபசாரம் என்னும் 'மெல்மஸ்தியா', எதிரியே வாசலில் வந்து அடைக்கலம் கேட்டால் மறுக்கக்கூடாது என்னும் 'நனவாதய்' மூன்றையும் தனித்தனி அறநெறியாகப் பார்த்தால் முரண்பாடாகத் தெரியும். பங்குக் கணக்காகப் பார்த்தால் நேராக இருக்கும்.

அவர்களுடைய 'ஹுஜ்ரா' நம்ம வீட்டு முகப்பு மாதிரியா?
— கோனாபட்டு வாசகி

வேலை ஒன்று, உரிமை வேறு, ஆச்சி. முகப்பும் திண்ணையும் அந்தந்த வீட்டைச் சேர்ந்தவை. ஆண்கள் கூடுவதற்கும் விருந்தாளி தங்குவதற்குமான ஹுஜ்ரா தெருவைச் சேர்ந்தது. பெரிய கான் ஒருவர் தனியாக வைத்திருப்பதும் உண்டு என்றாலும், வழக்கமாகக் கண்டிக்கு ஒன்று. சுற்றுச்சுவர், முற்றம், ஒரு நீள அறை, முன்னால் தாழ்வாரம், வரிசையாகக் கயிற்றுக் கட்டில். அருகிலேயே பள்ளிவாசல் இருக்கும். ஹுஜ்ராவில் வழக்கமாகச் சமைப்பதில்லை. விருந்தாளி வந்தால் சாப்பாடு வீடுகளிலிருந்து வரும். கல்யாணமாகாத வாலிபர்கள் இரவில் அங்கேதான் படுப்பார்கள். மாலையில் ரபாப் என்ற நரம்பு வாத்தியமும், கூடவே 'மங்கய்' என்ற மண்பானையும் ஒலிக்கும். மங்கய் நம் கடத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். கல்யாணச் செய்தி சொல்வதிலிருந்து விருந்துச் சமையல் வரை நாவிதர் பொறுப்பு.

பெண்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் கூடும் இடம் தண்ணீர்த்துறை. ஆற்றங்கரை ஊர்களில் துறைக்குப் போகும் வழியில் ஆண்கள் வெட்டியாக நிற்பது பெரிய மரியாதைக்கேடு.

பாலம் இல்லாத காலத்தில் ஆற்றை எப்படிக் கடந்தார்கள்? பரிசல் இருந்ததா?
— கீழச்சிவல்பட்டி, 9ஆம் வகுப்பு மாணவர்

தம்பி, பரிசல் இல்லை, தோல் பை இருந்தது. எருமை அல்லது மாட்டுத் தோலைக் கிழிக்காமல் முழுசாக உரித்து, கால்களையும் கழுத்தையும் இறுக்கிக் கட்டி, ஒரு கால் வழியாக ஊதுவார்கள். தனி ஆள் அதன்மேல் குப்புறப் படுத்துக் கையாலும் காலாலும் தள்ளிக் கடப்பான். இதற்கு 'ஷினாஸ்' என்று பெயர். பல பைகளை மேலே கம்புச் சட்டம் வைத்துக் கட்டினால் 'ஜாலா' என்ற தெப்பம். ஆள், மூட்டை எல்லாம் ஏறும். தெப்பம் ஓட்டத்தோடு கீழேதான் போகும், எதிர்த்து வராது. போய்ச் சேர்ந்ததும் சட்டத்தைப் பிரித்து, காற்றை இறக்கி, தோலை மடித்துக் கழுதை மேல் ஏற்றி மேலே கொண்டுவருவார்கள். காய்ந்த தோல் வெடிக்கும். ஆகவே கொழுப்புத் தடவி வைப்பதும், ஊதுவதற்கு முன் நனைப்பதும் கட்டாயம். நம் பரிசலும் மூங்கில் சட்டத்தில் தோல் போர்த்தியதுதான். தோலுக்குள் காற்றா, ஆளா என்பதுதான் வித்தியாசம்.

எல்லைக் காந்தியின் ஊர் இதில் ஒன்று என்றீர்கள். துப்பாக்கியோடு பிறந்தவர்கள் என்று பெயர் வாங்கிய ஊரில் அகிம்சை எப்படி வேர் பிடித்தது? செஞ்சட்டை ஏன்?
— காரைக்குடி கல்லூரி மாணவி

எல்லைக் காந்தி எனப்படும் கான் அப்துல் கஃபார் கான் 1890இல் உத்மான்சயில் பிறந்தார். தந்தை பஹ்ராம் கான் நிலக்கிழார். முதலில் பள்ளிக்கூடம்தான் தொடங்கினார். பக்கத்து ஊரான துரங்சயின் ஹாஜி சாஹிப்போடு சேர்ந்து 1910இல் ஒன்று. 1921இல் உத்மான்சயில் ஆசாத் பள்ளி. 1928இல் 'பக்தூன்' என்ற இதழ். 1929 இறுதியில்தான் 'குதாய் கித்மத்கார்', அதாவது இறைவனின் ஊழியர் என்ற தொண்டர் படை. ஏறக்குறைய 20 ஆண்டு முன்வேலை. இதை விட்டுவிட்டு 'காந்தியின் மந்திரம்' என்று சொல்வது உத்மான்சய்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தொண்டர் உறுதிமொழியில் பழிவாங்க மாட்டேன், பகை வளர்க்க மாட்டேன், தினமும் இரண்டு மணி நேரமாவது பொதுவேலை செய்வேன் என்பவை இருந்தன. பங்காளிக் காய்ச்சலின் மருந்து இந்த உறுதிமொழியில் இருக்கிறது. ஒரு கிளைக்காரன் இன்னொரு கிளைக்காரன் தெருவைப் பெருக்கினான். பட்டாளம் போலவே அணிவகுப்பு, தளபதிப் பட்டம், கொட்டுமேளம் எல்லாம் உண்டு. ஆயுதம் மட்டும் கிடையாது. வீரம் காட்டும் ஆசையை விடச் சொல்லாமல் வேறு பக்கம் திருப்பியதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

சட்டைக்குக் காரணம் அழுக்கு. வெள்ளைக் கதர் சீக்கிரம் அழுக்கானது. தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் முக்கினார்கள், செங்கல் நிறம் வந்தது, அதுவே சீருடையானது. ஆங்கிலேயர்கள் நிறத்தைப் பார்த்து ரஷ்யச் சிவப்போ என்று மிரண்டார்கள்.

1930 ஏப்ரல் 23 அன்று கஃபார் கான் கைதாக, பெஷாவர் கிஸ்ஸா க்வானி கடைத்தெருவில் கூடிய மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுடச் சொன்னபோது சந்திரசிங் கட்வாலியின் கீழிருந்த கட்வால் படைவீரர்கள் மறுத்தார்கள். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் உப்பு யாத்திரை அந்த 23ஆம் தேதி வேதாரண்யம் நோக்கித் தஞ்சை ஜில்லாவில் நடந்துகொண்டிருந்தது.

காந்தி 1938இல் எல்லைப்புறம் போனபோது உத்மான்சயில் தங்கினார். நாடு பிரிந்த பின் கதை கசப்பானது. 1948 ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தா அருகே பாப்ராவில் தொண்டர்கள் கூட்டத்தின்மேல் பாகிஸ்தான் அரசின் போலீசே சுட்டது. அரசு சொன்ன சாவுக்கணக்கு சுமார் 15. தொண்டர்கள் சொன்னது சுமார் 600. கஃபார் கானுக்கு 1987இல் பாரத ரத்னா. 1988 ஜனவரி 20 அன்று மறைந்தார். அடக்கம் செய்யப்பட்டது பிறந்த ஊரில் அல்ல, ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில், அவர் விருப்பப்படி.

அங்கே கரும்பு வெல்லம் பேர்போனது என்றீர்கள். நம்ம ஊர் அச்சு வெல்லத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
— புதுவயல் வாசகர்

அச்சு இல்லை என்பதுதான் முதல் வித்தியாசம். கையால் பிடித்த கட்டி. கரும்பு ஆலைக்குக் 'கானி' என்று பெயர். ஸ்வாத் ஆற்றிலிருந்து 1885இல் கீழ்ஸ்வாத் கால்வாயும், 1914இல் மலாகண்ட் மலையைக் குடைந்து மேல்ஸ்வாத் கால்வாயும் வந்த பிறகு மேட்டு நிலமும் நனைந்து கரும்பு பெருகியது.

கணக்கு நம் கணக்கேதான். 100 கிலோ கரும்பில் 60 கிலோவுக்குச் சற்று மேல் சாறு. அதில் சுமார் 10 கிலோ வெல்லம். கொதிக்கும்போது சிறிது சுண்ணாம்பு, வெண்டைத் தண்டின் கொழகொழப்பு போட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், அள்ளி எறியலாம். சுண்ணாம்பு கூடினால் நிறம் கறுக்கும். பாகு 118 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது, குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் உருட்ட வரவேண்டும்.

அங்கே கெடுவதற்குத் தனிக் காரணம் உறைபனி. கரும்பு விளையும் நாடுகளின் வட ஓரத்தில் இருக்கிறது பெஷாவர் சமவெளி. பனி கருக்கிய கரும்பிலும், வெட்டி ஒரு நாளுக்கு மேல் கிடந்த கரும்பிலும் சர்க்கரை உடைந்துபோகும். எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி சேராமல் பிசுபிசுக்கும். உடனே வெட்டி உடனே ஆட்டுவது தவிர வழியில்லை. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைச் சந்தேகப்படுங்கள், அங்கேயும் இங்கேயும்.

பஷ்தோவின் பெருங்கவிஞர் கனி கான், கஃபார் கானின் மூத்த மகன், சர்க்கரைத் தொழில் படித்துத் தக்த்-பாய் ஆலையில் வேலை பார்த்தவர்.

ஈட்டிக்காரன் வட்டி என்கிறோமே, அவர்கள் இந்த ஊர்க்காரர்களா?
— ஆத்தங்குடி வாசகர்

பெரும்பாலும் இல்லை. குளிர்காலத்தில் பெருங்காயமும் துணியும் உலர்பழமும் சுமந்து தெற்கே வந்து, கடனும் கொடுத்தவர்களில் பலர் ஆப்கானிஸ்தானின் கில்சய் நாடோடி வணிகர்கள். ஆற்றங்கரை முஹம்மத்சய் நிலம் பிடித்த குடியானவன். அவனே கடன் வாங்கினால், 1947க்கு முன் ஊரில் கடை வைத்திருந்த இந்து, சீக்கிய வியாபாரிகளிடம்தான் வாங்குவான். ஏடும் உறுதிச்சீட்டும் நடப்பு வட்டியுமாகத் தொழில் செய்த நகரத்தாரையும், தடியோடு வாசலில் உட்கார்ந்து வசூலித்தவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பர்மாக் காலத்திலிருந்து தொடரும் சோம்பேறித்தனம்.

வெள்ளத்தில் அந்த ஊர்கள் அடிக்கடி மூழ்குவது ஏன்?
— குன்றக்குடி வாசகர்

2010 ஜூலை கடைசியில் சில நாட்களிலேயே மலையில் வரலாறு காணாத மழை. ஸ்வாத் பெருகி முண்டா தலைமதகை உடைத்துக்கொண்டு சமவெளியில் விழுந்தது. 2022 ஆகஸ்டில் அதே மதகு மறுபடி உடைந்தது. மலையிலிருந்து இறங்கும் ஆறு சமதளத்தில் வேகம் குறைந்து மண்ணைக் கொட்டும். தன் படுக்கையைத் தானே உயர்த்தித் திசை மாறும். பழைய நகரங்கள் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு மாறியதற்கும் இது ஒரு காரணம். கீழே வடிகாலும் குறுகல். காபூல் ஆறு சிந்துவில் விழும் அட்டக் அருகே சிந்து மலையிடுக்கில் நுழைகிறது. 1858இல் சிந்து திடீரென்று உயர்ந்தபோது காபூல் ஆறு நௌஷேரா அருகே பின்னோக்கியே ஓடியது.

மண் வீடுகள் மேலே பெய்யும் மழையால் விழுவதைவிட அடியில் ஊறிய நீரால்தான் விழுகின்றன. சுவரின் கால் நனைந்து களியாகும், மேல்பாரம் அழுத்தும், சுவர் உட்காரும். வெள்ளம் வடிந்த பிறகு இடிந்த வீடுகள் அதிகம். உயர்ந்த அடித்தளம் போட்டு, செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய செட்டிநாட்டு வீட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால் தாங்கும். கூலியைத்தான் தாங்காது.

சப்ளி கபாப் செய்து பார்த்தேன். சட்டியில் போட்டதும் உடைந்து குழம்பாகிவிட்டது. கோலா உருண்டை தவறாமல் வரும் கைக்கு இது ஏன் வரவில்லை?
— கானாடுகாத்தான் ஆச்சி

ஆச்சி, முதலில் மாவைப் பாருங்கள். கடையில் சோள மாவு என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச்சைக் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டியது மஞ்சள் மக்காச்சோளத்தை அரைத்த மாவு. கிடைக்காவிட்டால் கோலாவுக்குப் போடும் பொட்டுக்கடலை மாவே போதும்.

அவர்கள் மாட்டிறைச்சியில் செய்வார்கள், ஆட்டிறைச்சியிலும் வரும். அரை கிலோ கொத்துக்கறியில் 100 கிராமாவது கொழுப்பு இருக்கவேண்டும். கறியைக் கொரகொரப்பாக ஒரே தடவை அரைக்கச் சொல்லுங்கள். கோலாவுக்கு அரைப்பதுபோல் நைசாக அரைத்தால் ரப்பராகும். மாவு 3 மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, ஒன்றிரண்டாகத் தட்டிய மல்லி விதை ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பச்சைமிளகாய் நான்கு, காய்ந்த மாதுளை விதை ஒரு மேசைக்கரண்டி. மாதுளைக்குப் பதில் மாங்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி போடலாம். புளிக்கரைசல் கூடாது, தண்ணீர் சேரும்.

உடைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள். தக்காளியில் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சேருங்கள். உப்பு கடைசியில், முன்னாலேயே போட்டால் கறி நீர் விடும். பிசைந்து அரை மணி குளிர்பெட்டியில் வையுங்கள்.

நனைத்த உள்ளங்கையில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மேலே தக்காளி வில்லை ஒன்று அழுத்துங்கள். 'சப்ரிக்' என்றால் தட்டை; பெயர் அதிலிருந்து வந்தது. தட்டைச் சட்டியில் விரல்கனம் கொழுப்போ எண்ணெயோ, மிதமான தீ. ஒரு பக்கம் நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் பழுப்பாகித் தானே நகர்ந்தால் திருப்பலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பொறுங்கள். ஒரே தடவைதான் திருப்பவேண்டும். முதல் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அது விரிந்தால் மீதிக் கலவையில் இன்னொரு கரண்டி மாவு போதும்.